எட்டு வயது மகளோடு டெல்லி: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் மதுரையிலிருந்து டெல்லிக்குக் கிளம்புகிறோம். நான், கணவர், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அப்புறம் முட்டிவலியோடு வரும் என் மாமியார். டெல்லி வேண்டும் என்று கேட்டதே மகள்தான். பாடப் புத்தகத்தில் குதுப்மினார் படத்தைப் பார்த்ததிலிருந்து அதன் உச்சியில் ஏறி நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறாள், கலாம் ஐயா இருந்த வீட்டையும் பார்க்கணுமாம்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இதில் வேன் ஏற்பாடு செய்பவர் ஒருவர் அனுப்பிய அட்டவணையில் ஒரே நாளில் எட்டு இடங்கள். காலையில் செங்கோட்டையில் ஆரம்பித்து இரவு அக்ஷர்தாம் கோயில் நீரூற்றில் முடிகிறது. நடுவில் டெல்லிப் போக்குவரத்தில் போகும் நேரத்தைக் கழித்தால் ஒவ்வொரு இடத்துக்கும் அரை மணிகூடத் தேறாது. குழந்தையோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள், எதையெல்லாம் விட்டால் பரவாயில்லை?

தில்லிவாசி

வாங்க சகோதரி. நான் பிழைப்புக்காக இங்கே வந்து தங்கிவிட்டவன், ஊரிலிருந்து வரும் சொந்தங்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது வழக்கமான வேலை.

முதலில் திங்கட்கிழமையைக் கவனியுங்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், பொம்மை அருங்காட்சியகம் எல்லாமே திங்களன்று பூட்டு. அன்றைக்குக் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறைத் தோட்டம், ஜந்தர் மந்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவை திறந்திருக்கும். மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் திங்களன்று செங்கோட்டை வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன், குழந்தைகள் முகம் வாடிப்போகும்.

அடுத்தது குதுப்மினார். மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், உள்ளே ஏற விடமாட்டார்கள். 72.5 மீட்டர் உயரம், உள்ளே 379 படிகள். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து நெரிசல் ஏற்பட்டு பலர் இறந்துபோனார்கள், அதில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அதோடு மூடிவிட்டார்கள். இதை வாசலில் போய்ச் சொன்னால் அழுவாள். வீட்டிலேயே காரணத்தோடு சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரியும்.

ஏறிப் பார்க்கும் ஆசைக்கு வேறு வழி உண்டு. பழைய டெல்லி ஜாமா மசூதியின் தெற்கு மினாரில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். குடும்பமாகப் போங்கள், தனியாகப் போகும் பெண்களை விடமாட்டார்கள். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று வாசலில் கேட்டுவிட்டு அப்புறம் குழந்தையிடம் சொல்லுங்கள். படி குறுகல், மேலே இடமும் குறைவு, அதனால் அப்பா முன்னால், குழந்தை நடுவில், நீங்கள் பின்னால். மேலே நின்றால் ஒரு பக்கம் செங்கோட்டையின் சிவப்புச் சுவர், மறுபக்கம் மொட்டை மாடிகளும் புறாக் கூண்டுகளும்.

கடல்காற்று

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அவ்வளவு தூரம் காசு செலவழித்துப் போகிறோம். நம் ஊரில் எத்தனை குடும்பம் வாழ்நாளில் இரண்டாவது தடவை டெல்லி போகிறது? ஒரு இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் மற்றதெல்லாம் எப்போது பார்ப்பது? நாங்கள் வேனில்தான் போனோம், எல்லா இடமும் பார்த்தோம், என் பையன் இன்றைக்கும் தொலைக்காட்சியில் இந்தியா கேட் காட்டினால் நான் அங்கே போனேன் என்று சொல்கிறான். வயதானவர் கூட வரும்போது வேன்தான் வசதி, வாசலில் இறங்கி வாசலில் ஏறலாம்.

பள்ளிமணி

கடல்காற்று, செலவு பற்றி நீங்கள் சொல்வது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் ஆசிரியை, பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறவள். நான்காவது இடத்தில் வேன் நிற்கும்போது பிள்ளைகள் பாதி தூக்கத்தில் இருப்பார்கள், இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள், பெற்றோருக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். அந்த இடத்தைப் பிள்ளை பார்த்ததாக நான் கணக்கில் சேர்க்கமாட்டேன். காலையில் ஒரு பெரிய இடம், மதியம் ஓய்வு, மாலையில் ஓடி விளையாட ஒரு திறந்த வெளி. எட்டு வயதுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் கொள்ளும்.

போகும் இடத்தில் பிள்ளைக்குத் தேடுவதற்கு ஏதாவது கொடுங்கள். செங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஜகான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றுவதற்காகக் கட்டியது, 1648-ல் முடிந்தது என்று நீங்கள் சொன்னால் அவள் கொட்டாவி விடுவாள். அதற்குப் பதிலாக, ராஜா வீட்டுக்குள்ளே ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறது, அது எங்கே என்று கண்டுபிடி என்று விட்டுப் பாருங்கள். அரண்மனை அறைகளின் நடுவே பளிங்குத் தரையில் வரிசையாக ஓடும் பள்ளம் தெரியும், யமுனைத் தண்ணீரைக் கொண்டுவந்து வெயிலுக்குக் குளிர்ச்சியாக அறைகளுக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள், அதற்கு சொர்க்க நதி என்றே பெயர். பிள்ளை அந்தப் பள்ளத்தின் வழியே ஒவ்வொரு மண்டபமாக நடந்துபோகும்போது கோட்டை முழுவதும் தானாகவே தெரிந்துவிடும். லாகூர் வாசலைத் தாண்டியதும் கூரை போட்ட கடைத்தெரு வரும், அது ராஜா காலத்துக் கடைத்தெரு, இன்றைக்கும் கடைகள் நடக்கின்றன. அன்றைக்கு அரச குடும்பத்துக்குப் பட்டும் நகையும் விற்ற இடம் என்று சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

செங்கோட்டையில் நம் பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் சொல்லும் கதை இன்னொன்று. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்களை ஆங்கிலேய அரசு 1945-ல் விசாரித்தது இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் படையில் மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து டாக்டருக்குப் படித்தவர். முதல் விசாரணையில் நிறுத்தப்பட்ட மூன்று அதிகாரிகளில் ஒருவரான பிரேம் சேகலைத்தான் பின்னாளில் மணந்துகொண்டார். 2019-ல் திறந்த நேதாஜி அருங்காட்சியகம் உள்ளேயே இருக்கிறது. டெல்லி என்றால் யாரோ ராஜாக்கள் ஊர் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளை இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும்.

தில்லிவாசி

ஆசிரியை சொன்னதோடு இன்னொன்று சேர்க்கிறேன். செங்கோட்டைக்கு எதிரே சிவப்பு நிற ஜைனக் கோயில் இருக்கிறது, அந்த வளாகத்திலேயே பறவைகளுக்கான மருத்துவமனை. அடிபட்ட புறா, கிளி எல்லாம் கூண்டு கூண்டாகக் கட்டுப்போட்டுக்கொண்டு இருக்கும். ஜைனர்கள் நடத்துவதால் கறி தின்னாத பறவைகளை மட்டும் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். பருந்து வந்தால் வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். டெல்லியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் என் அக்கா பிள்ளைகள் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

வைகைக்கரை

பறவை மருத்துவமனை பற்றி மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன், குதிக்கிறாள். மினார் விஷயத்தையும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் பேரெல்லாம் அங்கே எழுதியிருக்கா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமியாரை நினைத்துத்தான் கவலை. மெட்ரோவில் போகலாமா, அவர்களால் முடியுமா? ரயிலிலா விமானத்திலா என்பதும் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ரயில்பிரியன்

ரயில், ரயில், ரயில். மதுரையிலிருந்து என்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, கன்னியாகுமரியிலிருந்து வருவது, ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை. சம்பர்க் கிராந்தியும் உண்டு. இரண்டும் தினசரி ஓடுபவை அல்ல, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை போய் ஏறுவதென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. இரண்டும் தினமும் ஓடுகின்றன. விமானத்தில் போனால் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம்தான், ஆனால் டெல்லி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குழந்தைக்குக் கடைசிவரை தெரியாது. போகும்போதாவது ரயிலில் போங்கள், வரும்போது விமானத்தில் வந்துகொள்ளலாம்.

குழந்தைக்கு ஒரு நோட்டு கொடுத்து ஆறுகளை எழுதச் சொல்லுங்கள். திருச்சி தாண்டும்போது காவிரியும் கொள்ளிடமும், விஜயவாடாவில் கிருஷ்ணா, தெலங்கானாவில் கோதாவரி, இட்டார்சிக்கும் போபாலுக்கும் நடுவே நர்மதை, குவாலியர் தாண்டியதும் சம்பல். வண்டி நேரத்தைப் பொறுத்து சில ஆறுகள் இருட்டில் போய்விடும், பாலத்தின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சம்பல் பள்ளத்தாக்கில் மண் அரித்து அரித்து மலை போல நிற்கும், அதைப் பார்க்க ஜன்னலோரம் அவளுக்குத்தான் என்று முன்பே சொல்லிவையுங்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் எழுத்து மாறிக்கொண்டே வருவதையும் காட்டுங்கள், தமிழ் போய் தெலுங்கு வந்து, அப்புறம் இந்தி.

டெல்லியில் சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். 1977-லிருந்து இருக்கிறது. பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் ஓடவிட்ட ஒற்றைத் தண்டவாள ரயில் அங்கே நிற்கிறது. ஒரு சக்கர வரிசை தண்டவாளத்தின் மேல், சாய்ந்துவிடாமல் தாங்க ஓரத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையின் மேல். இது எப்படிக் கவிழாமல் போனது என்று பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். குட்டி ரயிலில் வளாகத்தைச் சுற்றி வரலாம், உங்கள் மாமியாரும் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

சுக்குக்காப்பி

வைகைக்கரை அம்மா, நான் பேரப்பிள்ளைகளோடு போன பாட்டி, முட்டிவலிக்காரியும்கூட. மெட்ரோவில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு, அது பிரச்சனையே இல்லை. நடைதான் ஜாஸ்தி. ராஜீவ் சவுக், காஷ்மீரி கேட் மாதிரி வண்டி மாறும் இடங்களில் நடந்து நடந்து மாளாது. அதனால் மாறாமல் ஒரே வண்டியில் போகிற மாதிரி இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, ஜாமா மசூதி இரண்டுக்கும் வயலெட் பாதையில் அடுத்தடுத்து ஸ்டேஷன் இருக்கிறது. குதுப்மினார் ஸ்டேஷன் மஞ்சள் பாதையில், ஆனால் பெயரை நம்பி நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள், கோபுரம் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கும் தூரம். காலை ஒன்பது மணிக் கூட்டத்திலும் சாயங்காலக் கூட்டத்திலும் குழந்தையோடு ஏற வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை எக்ஸ்ரே எந்திரத்தில் போடச் சொல்வார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சோதனை வரிசை தனித்தனி, அங்கே குழந்தை யாரோடு போவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. கதவு மூடி நீங்கள் உள்ளேயும் குழந்தை வெளியேயும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். அவள் நகராமல் அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், நீங்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவீர்கள். அவள் உள்ளே போய்விட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவள் சட்டைப்பையில் வையுங்கள், மனப்பாடமும் செய்ய வையுங்கள். இந்தி தெரியாத ஊரில் குழந்தைக்கு இது பெரிய தைரியம்.

ஆர்.கே.புரம் மலைமந்திர் போகாமல் வராதீர்கள். டெல்லித் தமிழர்கள் சின்னக் குன்றின் மேல் சுவாமிநாதசுவாமிக்குக் கட்டிய கோயில், 1973-ல் குடமுழுக்கு ஆனது. யாமிருக்கப் பயமேன் என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். சில நாள் இந்திப் பலகையாகவே பார்த்துக்கொண்டிருந்த என் பேரன் அதைச் சத்தம் போட்டு வாசித்தான். மாமியாருக்கும் மனசு நிறையும். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக.

கடல்காற்று

சுக்குக்காப்பி அம்மா சொன்ன மெட்ரோ விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றதில் ஆசிரியையோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் தாஜ்மகாலை மட்டும் விடச் சொல்லாதீர்கள், அவ்வளவு பக்கத்தில் போய்விட்டு பார்க்காமல் வந்தால் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் தாஜ் மூடியிருக்கும்.

பள்ளிமணி

ஊரார் கேட்பார்கள் என்பதற்காகக் குழந்தையை விடியற்காலையில் எழுப்பி, போக வர கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர் சாலையில் உட்காரவைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஆக்ராவுக்கு ஒரு இரவு தங்கும் எண்ணமிருந்தால் போகட்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால் அதற்குப் பதிலாக ஹுமாயூன் கல்லறைக்குப் போங்கள். தாஜ்மகாலுக்குப் பல பத்தாண்டுகள் முன்னால், 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. அதே போல நடுவில் பெரிய குமிழ்க் கூரை, நாலாபக்கமும் வாய்க்கால் ஓடும் தோட்டம். தாஜ்மகாலைக் கணவர் மனைவிக்குக் கட்டினார், இதை மனைவி கணவருக்குக் கட்டினார் என்று சொல்லிப் பாருங்கள், பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி தோட்டம், சாப்பாடு கட்டிக்கொண்டு போய் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவள் மயில், அணில் பின்னால் ஓடட்டும். நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்தும் தூரமில்லை.

கடல்காற்று

அது சரி, ஆனாலும் தாஜ் தாஜ்தான்.

வைகைக்கரை

இந்தத் தடவை ஆக்ரா இல்லை என்று கணவரிடம் பேசி முடித்துவிட்டேன். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எப்படி அனுமதி வாங்குவது? காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட இடத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகலாமா? மாமியார் ஆசைப்படுகிறார்கள், எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தில்லிவாசி

மாளிகைக்கு அவர்களின் இணையதளத்திலேயே நாளும் நேரமும் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். கையில் அடையாள அட்டை அசலாக இருக்கட்டும். 340 அறைகள் உள்ள கட்டிடம், உங்களுக்குக் காட்டுவது சில கூடங்கள் மட்டும். எந்த அறையில் கலாம் தூங்கினார் என்று தேடினால் கிடைக்காது, அதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 2002 முதல் 2007 வரை அவர் இருந்த வீடு, அவருக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து ராதாகிருஷ்ணனும் ஆர். வெங்கட்ராமனும் இருந்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன் இந்தப் படியில் ஏறிப் போனார் என்று அங்கே நின்று சொல்லுங்கள்.

மாலையில் இந்தியா கேட். 42 மீட்டர் வளைவைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், பின்னாலேயே 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. வட்டம் வட்டமான கிரானைட் சுவர்களில் 25,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள், ஒரு கல்லுக்கு ஒரு பெயர். மேஜர் முகுந்த் வரதராஜன் பெயரை எங்கே தேடுவது என்று அங்கிருக்கும் காவலர்களைக் கேளுங்கள். சும்மா சுவரைப் பார்ப்பதற்கும் ஒரு பெயரைத் தேடிப் பார்ப்பதற்கும் பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் தெரியும்.

பள்ளிமணி

காந்தி ஸ்மிருதிக்கு அழைத்துப் போங்கள். எட்டு வயதில் மரணம் என்றால் என்ன என்று தெரியும், மினாரில் இறந்த பிள்ளைகளைப் பற்றி உங்கள் மகள் கேட்ட கேள்வியே அதைக் காட்டுகிறது. 1948 ஜனவரி 30 அன்று அவர் அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு நடந்த பாதையில் அவருடைய காலடித் தடங்களைக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் பக்கத்திலேயே நடந்துபோவார்கள், கடைசித் தடம் வந்ததும் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். அங்கே நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் வேறு எதுவும் வைக்காதீர்கள்.

சப்தர்ஜங் சாலையில் இந்திரா காந்தி நினைவகம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ரத்தக்கறை படிந்த சேலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் வயது ஆகட்டும்.

சுக்குக்காப்பி

அருங்காட்சியகம் என்றால் ஐ.டி.ஓ. பக்கம் இருக்கும் பொம்மை அருங்காட்சியகத்தை விடாதீர்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1965-ல் ஆரம்பித்தது, ஏகப்பட்ட நாட்டுப் பொம்மைகள், ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டு உடுப்பில். சின்னது, அதனால் கால் வலிக்காது.

தில்லிவாசி

தேசிய அருங்காட்சியகத்தை முழுவதும் சுற்றினால் பெரியவர்களே தளர்ந்துவிடுவார்கள். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் படம் போட்டிருப்பதால் எல்லோரும் அந்தப் பெண்ணை ஆள் உயரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நேரில் பார்த்தால் 10.5 சென்டிமீட்டர்தான், உங்கள் மகளின் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

குதுப்மினார் வளாகத்து இரும்புத் தூணையும் சொல்ல விட்டுப்போயிற்று. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, சுமார் 1600 வருடமாக மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து உதிரவில்லை. அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது. முன்பெல்லாம் முதுகைத் தூணில் சாய்த்துக் கையைப் பின்னால் கோத்துப் பார்ப்பார்கள், இப்போது சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். வீட்டுச் சைக்கிள் ஏன் துருப்பிடிக்கிறது, இது ஏன் பிடிக்கவில்லை என்று அவளையே கேளுங்கள். ஏற முடியாத ஏமாற்றம் பாதி குறையும்.

காலாண்டு விடுமுறை என்றால் தசரா சமயமாக இருக்கலாம். அப்படியானால் டாகோர் கார்டன் பக்கம் தித்தார்பூரில் ராவணன் பொம்மைகள் செய்வதைக் காட்டுங்கள். தெருவோரம் பூராவும் மூங்கில் கூடும் காகிதமும் ஒட்டிய தலைகள் காய்ந்துகொண்டிருக்கும். எரிப்பதைப் பார்க்க மைதானத்துக்குள் போக வேண்டாம், கூட்டமும் வெடிச் சத்தமும் குழந்தைக்கு ஆகாது. அக்டோபர் 2 அன்று ராஜ்காட் பக்கமும் வேண்டாம், தலைவர்கள் வருவதால் காலையில் பாதையெல்லாம் அடைத்திருப்பார்கள்.

வைகைக்கரை

எல்லாவற்றையும் நோட்டில் எழுதியாயிற்று. தாஜ், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், மிருகக்காட்சி சாலை நான்கையும் எடுத்துவிட்டேன். அக்ஷர்தாமில் போனைக்கூட உள்ளே விடமாட்டார்கள், வரிசையும் நீளம் என்று மாமியாரே வேண்டாம் என்றுவிட்டார்கள். திங்களன்று குதுப்மினார் மட்டும். செங்கோட்டையும் பறவைகளும் ஒரு நாள், ஜாமா மசூதி ஏறுவது இன்னொரு நாள் காலையில். ரயிலில்தான் போகிறோம். ஆறுகளின் பெயரை மகள் இப்போதே வரிசையாக எழுதி வைத்துவிட்டாள். டிக்கெட் எடுக்கும்போது அவளுக்கு அரை டிக்கெட் போதுமா?

ரயில்பிரியன்

அரை டிக்கெட் எடுக்காதீர்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அரைக் கட்டணம் என்றால் தனிப் படுக்கை தரமாட்டார்கள், 2016-லிருந்து அப்படித்தான். இரண்டு இரவு உங்களோடு ஒரே பெர்த்தில் நெருக்கிப் படுக்க முடியாது. முழுக் கட்டணம் கட்டி அவளுக்குத் தனி பெர்த் வாங்குங்கள். மாமியாரின் வயதைச் சரியாகப் போட்டால் கீழ் பெர்த்துக்கு முன்னுரிமை உண்டு, அதற்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, காலாண்டு விடுமுறைக்கு முதல் நாளே நிரம்பிவிடும், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு 60 நாள் கணக்குத் தனி, அந்தத் தேதியையும் இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள்.